புள்ளடி

வேங்கட மலையை ஏறிட்டுப் பார்க்கும் தமிழனுக்குத் திருவேங்கடமுடையானின் நினைவை அடுத்துத் தொல்காப்பியப் பாயிரத்தின் நினைவும் எழுவது இயல்பே. தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கே வேங்கடமும் தெற்கே குமரியும் எல்லை என்று பனம்பாரனார் வகுத்துரைத்த அந்தப் பாயிரம், 1953இல் ஆந்திர ராஜ்யம் அமைந்து சித்தூர் ஜில்லா அதனுடன் சென்ற காலத்திலும், 1960இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிய காலத்திலும், எல்லையைப் பற்றிப் பேசிய மேடைகளிலெல்லாம் ஒலித்தது. ஆயின் அதே பாயிரம் இன்னும் சில அடிகள் கடந்து கூறும் மற்றொரு செய்தியை அந்த ஆரவாரத்தில் யாரும் நின்று கேட்டதாகத் தெரியவில்லை. நிலந்தரு திருவிற் பாண்டியனுடைய அவையத்தில், அதங்கோட்டாசான் என்ற பெரியவர் முன்னிலையில், தாம் இயற்றிய நூலைக் குற்றமறச் சொல்லிக் காட்டிய பின்னரே தொல்காப்பியர் அதனை உலகுக்கு அளித்தார் என்பதே அச்செய்தி. நாட்டின் எல்லையைச் சொன்ன வாயே, எழுதியவன் தன் எழுத்தை மறுபடி எதிர்கொள்ள வேண்டிய முறையையும் சொல்லிவிட்டது. இந்த வியாஸத்துக்கு விஷயம் அந்த இரண்டாவது செய்திதான்.

அதை எழுதத் தூண்டியது என் சொந்த நிலைமை. ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுதி முடித்து, நாடா போட்டுக் கட்டிப் பரணில் வைத்திருந்த நாவலின் கையெழுத்துப் பிரதியைச் சென்ற மாசி மாதத்தில் கீழே இறக்கினேன். தூசி தட்டிப் பிரித்து முதல் அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கூச்சம், சிறுவயதில் எழுதிய கடிதத்தை வேறொருவர் உரக்கப் படிக்கக் கேட்பவனுடைய கூச்சத்துக்கு ஒப்பானது. மூன்றாம் அத்தியாயத்துக்கு வருவதற்குள் அந்தக் கூச்சம் மறைந்து, அதைக் காட்டிலும் ஆபத்தான ஒரு வாஞ்சை வந்து உட்கார்ந்துகொண்டது. சொந்தச் சொற்களின் ஓசை காதுக்கு இனித்து, அவற்றின் பொருள் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. பத்தாம் அத்தியாயத்தில், இதை எழுதியவன் யார் என்றே விளங்கவில்லை. கையெழுத்து என்னுடையதுதான், அந்த மனிதன் மட்டும் எங்கோ போய்விட்டிருந்தான். திருத்துவதற்குப் பேனாவை எடுத்தால், அயலான் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கப் போகிறவனைப் போலத் தயக்கம் உண்டாயிற்று. இந்தச் சஞ்சலத்தோடு பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு, திருப்பதியிலும் சித்தூரிலும் உள்ள உறவினரைப் பார்க்கும் சாக்கில் ரயிலேறினேன். நம்முடைய முன்னோர் எழுதியதை எப்படித் திரும்பப் படித்தார்கள், எப்படித் திருத்தினார்கள் என்ற கேள்வி வழியெல்லாம் உடன் வந்தது.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1939இல் தொடங்கி, பின்னர் 1954இல் தோன்றிய ஸ்ரீவேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் திருப்பதியில் இருக்கிறது. வடமொழி, தெலுங்கு, தமிழ் ஏடுகள் அங்கே பேணப்பட்டு வருகின்றன. பனையோலைச் சுவடியைக் கையிலெடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதில் அழித்து எழுதுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுத்தாணி ஓலையைக் கீறிச் செல்கிறது. கீறிய தடத்தில் மையைத் தடவித் துடைத்தால் எழுத்துத் துலங்குகிறது. தவறிக் கீறிய எழுத்தின்மேல் இன்னொரு கீறலைப் போடலாமே தவிர, கீறாத நிலைக்கு ஓலையைத் திருப்ப எவராலும் ஆகாது. ஒற்றெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியையே விட்டுவிட்டவர்கள் நம்முடைய ஏடெழுதுவோர். மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்பதைப் படிப்பவனே இடம் நோக்கி உணர்ந்துகொள்ள வேண்டும். அவ்வளவு சிக்கனமாக எழுதிய கைகள், ஒரு சொல் விட்டுப்போயிற்று என்று கண்டால் மட்டும் ஒரு சிறு அடையாளம் செய்தன. விட்ட இடத்தில், ஈரமண்ணில் சிட்டுக்குருவி காலை ஊன்றிப் போனதுபோல், மூன்று கோடுகள் கூடும் ஒரு குறி; அதற்கு நேரே, வரிக்கு மேலாகவோ ஓலையின் ஓரத்திலோ விட்டுப்போன சொல். வடமொழியாளர் காகபாதம் என்றும் ஹம்ஸபாதம் என்றும் சொன்ன அந்தக் குறிக்குத் தமிழில் புள்ளடி என்று பெயர். இலங்கைத் தமிழர் இன்றைக்குத் தேர்தல் சீட்டில் இடும் அடையாளத்துக்கு அதே பெயரை வழங்குகிறார்கள். மறந்ததை ஒப்புக்கொள்ளும் குறி ஒரு நாட்டில் தேர்ந்தெடுக்கும் குறியாக வாழ்கிறது என்பதை எண்ண எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

புள்ளடியைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. ஏடு எழுதியவன் திருத்தியதெல்லாம் பெரும்பாலும் சேர்த்ததுதான். குறைத்தல் அவனுக்கு அரிது. நீக்க வேண்டியதை ஓலையில் கீறுவதற்கு முன்பே மனத்தில் நீக்கியிருக்க வேண்டும். ஆகையால் அக்காலத்துக் கவிஞனுடைய முதற் பிரதி அவன் நெஞ்சிலேயே கிடந்தது. எத்தனை முறை அதை அவன் அடித்தான், எத்தனை முறை மாற்றினான் என்பதற்குச் சாட்சி எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பவை சபையைப் பற்றிய கதைகளே.

அரங்கேற்றம் என்ற வழக்கத்தை நாம் இப்போது ஒரு விழாவாகக் கருதுகிறோம். உண்மையில் அது திருத்தத்தின் கடைசிப் படி. காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் கந்தபுராணம் இயற்றிய கச்சியப்ப சிவாசாரியார், நாள்தோறும் நூறு பாட்டு எழுதி இரவில் சந்நிதியில் வைத்துவிட்டுப் போவார் என்றும், காலையில் கதவைத் திறக்கும்போது முருகப்பெருமானே அதைத் திருத்தி வைத்திருப்பான் என்றும் ஐதிகம். முதற் பாட்டின் முதற் சீர்ப் புணர்ச்சிக்கே சபையில் ஆட்சேபம் எழுந்தது என்பதும் அக்கதையின் பகுதி. இரவெல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னால் தம் ஏடு கிடக்க, வெளியே விழித்திருந்த அந்தக் கிழவரை நினைத்துப் பார்க்கிறேன். பரணில் ஆறு வருஷம் என் பிரதி கிடந்ததற்கும் அந்த ஓர் இரவுக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கத்தான் வேண்டும். எழுதியவன் கையை எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் எழுத்து வேறொருவன் வசமாகிறது.

இறையனார் களவியலுரையில் வரும் கதை இதைவிட ஆழமானது. களவியல் நூலுக்குப் புலவர்கள் ஆளுக்கோர் உரை கண்டு, எது மெய்யுரை என்று தெரியாமல் மயங்கியபோது, உருத்திரசன்மன் என்ற ஊமைப் பிள்ளையை நடுவே அமர்த்தி ஒவ்வோர் உரையாகப் படித்தார்கள். மற்றவர் உரைகளுக்கெல்லாம் வாளா இருந்த அந்தப் பிள்ளை, மருதனிளநாகனார் உரையில் ஓரோவிடத்து மெய்சிலிர்த்தது. நக்கீரர் உரை படித்தபோது பதந்தோறும் கண்ணீர் சொரிந்தது. பேசத் தெரியாத குழந்தையை ஒரு சங்கம் நீதிபதியாக ஏற்றுக்கொண்டது என்றால், அந்தச் சமூகத்துக்குத் திருத்தம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருந்தது என்றே கொள்ள வேண்டும். இலக்கணப் பிழையைப் புலவர் எவரும் கண்டுபிடிப்பர். உயிர் இருக்கும் இடத்தைக் காட்ட உருத்திரசன்மன் வேண்டும்.

திருமலைக் கோயிலினுள்ளே உண்டியலுக்கு எதிரில் கல்லால் ஆன ஒரு சிறிய அறை இருக்கிறது. சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர். அதன் வாயிலின் இருபுறமும் இருவர் உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன: தாளப்பாக்கம் அன்னமாசாரியரும் அவர் குமாரர் பெத்த திருமலாசாரியரும். அன்னமாசாரியர் 1408இல் பிறந்து 1503இல் மறைந்தவர். பதினாறாவது வயதில் பெருமாளின் சாக்ஷாத்காரம் பெற்று, அன்று தொடங்கி இறுதி நாள்வரை சங்கீர்த்தனங்கள் பாடினார் என்பது முதற் செப்பேட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் செய்தி. நாளொன்றுக்கு ஒரு பாட்டுக்குக் குறையாமல் பாடினார், மொத்தம் 32,000 என்பது மரபு. எஞ்சிக் கிடைத்திருப்பவையே பன்னீராயிரத்துக்கு மேல். ஓலையில் இருந்தவற்றைப் பெத்த திருமலாசாரியர் விஜயநகர மன்னர் காலத்தில் செம்பில் பொறிக்கச் செய்து, அந்த அறையில் அடுக்கி வைத்தார். சுமார் நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், 1922இல், தேவஸ்தானத்துக் கல்வெட்டுகளை ஆராய்ந்த சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் மூலமாக அவை வெளி உலகுக்குத் தெரிய வந்தன. அவரையடுத்து வேட்டூரி பிரபாகர சாஸ்திரியார் அவற்றைப் பரிசோதித்தார். ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா பல பாடல்களுக்கு இசையமைத்தார்.

அந்தச் செப்பேடுகளில் சிலவற்றைத் திருமலைக் காட்சிசாலையில் பார்த்தேன். செம்பு கறுத்து, எழுத்தின் குழிவுகளில் மட்டும் வெளிச்சம் பட்டு மின்னுகிறது. நெருக்கமான தெலுங்கு எழுத்து, பாட்டின் தலைப்பில் ராகத்தின் பெயர். ராகம் இருக்கிறது, தாளம் இல்லை. ஸ்வரக் குறிப்பு அறவே இல்லை. ஆகவே பாட்டை என்றென்றும் மாறாதிருக்கும்படி உலோகத்தில் பூட்டிய அந்த மகன், பாடும் முறையைப் பாடுகிறவன் வசமே விட்டுவிட்டான் என்றாகிறது. அது வேண்டுமென்று செய்ததோ, அக்காலத்து வழக்கமோ, எதுவாயினும் அதில் ஒரு பெருந்தன்மை தெரிகிறது. என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தது வேறொன்று. தந்தையின் பிரதியைக் கடைசி முறையாகப் படித்து, இதுவே பாடம் என்று துணிந்து உளிக்குக் கொடுத்தவர் தந்தையல்லர். தொண்ணூற்றைந்து வயது வாழ்ந்து தினமும் புதிய பாட்டுக்கு முகங்கொடுத்துப் போன அந்தப் பெரியவர் நேற்றைய பாட்டைத் திரும்பிப் பார்த்தாரோ இல்லையோ, அவருக்காகத் திரும்பிப் பார்த்தவர் மகன். அந்த மகனும் ஒரு கவி. ஓர் இடத்தில் சொல் சற்றே தளர்ந்து நின்றிருந்தால், அதை மாற்ற அவர் கை துடித்திருக்காதா? அந்தத் துடிப்பை அடக்கிக்கொண்டு தந்தை சொன்னபடியே செம்பில் ஏற்றுவதும் பிரதியைத் திரும்பப் படிப்பதில் ஒரு தவம். இந்தத் தவம் எனக்குக் கைவருமா என்று யோசித்துக்கொண்டே மலையிறங்கினேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்த மனிதனுக்கு நான் மகன் முறை ஆக வேண்டும். இதுவரை நான் அவனுக்கு வாத்தியாராக இருக்கவே முயன்றிருந்தேன்.

மறுநாள் காளஹஸ்திக்குப் போனேன். அங்கே கலங்காரி வேலை செய்யும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்திய துணி மெல்லிய மஞ்சள் சாயலோடு விரித்துக் கிடந்தது. முதலில் புளியங்குச்சியைச் சுட்டுச் செய்த கரித்துண்டால் சித்திரத்தின் உருவத்தைப் போடுகிறார்கள். அது எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். துணியை உதறினால் கோடு போய்விடும். ராமனுடைய வில்லை அவர் மூன்று முறை உதறி மூன்று முறை போட்டார். அப்புறம் கலம் என்ற மூங்கில் எழுதுகோலை எடுத்தார்; அதன் இடுப்பில் கம்பளி நூல் சுற்றியிருந்தது. துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் நாட்கணக்கில் ஊறவைத்துச் செய்த கசிமியில் அதைத் தோய்த்துக் கம்பளியை விரலால் மெல்ல அழுத்த, மை கலத்தின் நுனிக்கு வருகிறது. துணியைத் தொடும்போது அந்த மைக்கு நிறமே இல்லை என்று சொல்லலாம்; கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்த மறுகணம் கறுத்துப் போகிறது. கறுத்தது கறுத்ததுதான், பொன்முகலி ஆற்று ஓட்டத்தில் எத்தனை முறை அலசினாலும் போகாது. நசித்துப்போக இருந்த இந்தத் தொழிலை 1950களின் பிற்பகுதியில் கமலாதேவி சட்டோபாத்யாயா போன்றவர்கள் முயன்று, பயிற்சி நிலையம் வைத்து மீட்டார்கள். கரிக்கும் கசிமிக்கும் இடையே அவருடைய கை ஒரு விநாடி துணிக்கு மேல் அசையாமல் நின்றதைக் கவனித்தேன். அந்த ஒரு விநாடியைத்தான் நாவலாசிரியன் மாதக்கணக்காக நீட்டிக்கொள்கிறான்.

தனியறையில், மேஜையின்மேல், காகிதத்தில் அடித்தும் திருத்தியும் எழுதுபவன் என்ற உருவம் நமக்குப் புதியது. நாவல் என்ற வடிவம் தமிழில் தோன்றிய 1879ஐ ஒட்டியே அதன் வயதைக் கணக்கிடலாம். சபை கலைந்தது, அச்சாபீஸ் வந்தது. மாதப் பத்திரிகையில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பின் புத்தகமாக்கும்போது மீண்டும் படிக்கும் பழக்கமும் உடன் வந்தது. ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 'விவேகசிந்தாமணி'யில் அப்படி வெளிவந்து 1896இல் புத்தகமாயிற்று. இரண்டே வருஷத்தில், இருபத்தாறு வயதில், ஆசிரியர் போய்விட்டார். தம் நூலை முதிர்ந்த கண்ணோடு திரும்பப் படிக்கும் பாக்கியம் அவருக்கு இல்லை.

அந்தப் பாக்கியத்தையும் அதன் வேதனையையும் முழுமையாக அனுபவித்தவர் அ. மாதவையர். இருபது வயதில் அதே 'விவேகசிந்தாமணி'யில் சாவித்திரி சரித்திரம் என்ற கதையைத் தொடங்கினார். சில அத்தியாயங்களோடு அது நின்றுபோயிற்று. உப்பு இலாகா உத்தியோகத்தில் ஊர் ஊராக மாறித் திரிந்த காலத்திலும் அந்தப் பாதிக் கதை அவரை விடவில்லை. பதினோர் ஆண்டுகள் கழித்து, 1903இல், அதுவே முத்துமீனாக்ஷி என்ற புதிய பெயரோடு, ஒரு பிராமணப் பெண் தானே தன் கதையைச் சொல்லும் நூலாக வெளிவந்தது. இடையில் எழுதிய பத்மாவதி சரித்திரத்தின் முதற்பாகம் 1898இலும் இரண்டாம் பாகம் 1899இலும் வந்தன. கால் நூற்றாண்டு கழிந்த பின், தம்முடைய 'பஞ்சாமிர்தம்' பத்திரிகையில் அதன் மூன்றாம் பாகத்தைத் தொடங்கினார். 1925 அக்டோபரில், தமிழுக்காகச் சென்னைச் சர்வகலாசாலை செனட் சபையில் பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தபோது, அந்தப் பாகம் முடியாமல் நின்றது. இருபத்தாறு வயதில் தாம் படைத்த மனிதரை ஐம்பது வயது கடந்தபின் மறுபடி சந்திக்கப் போன ஒருவருடைய உள்ளம் எப்படியிருந்திருக்கும்! அவர்கள் அப்படியே இளமையாக நிற்கிறார்கள். இவருக்கு மட்டும் நரை. நம் நாவல் சரித்திரத்தில் எனக்கு மிக நெருக்கமான காட்சி இதுவே.

சித்தூர் ஜில்லாவில் அப்போது சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு 1919 பிப்ரவரியில் ரவீந்திரநாத தாகூர் வந்து தங்கினார். அங்கிருந்த தியாசபிகல் காலேஜுக்கு ஜேம்ஸ் கஸின்ஸ் தலைவர். 1911 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸில் முதலில் பாடப்பட்ட ஜனகணமன பாட்டைக் கவி இங்கே மாணவர்களுக்குப் பாடிக் காட்டினார். அதன் பொருளை ஆங்கிலத்தில் தம் கையாலேயே பெயர்த்து எழுதிப் பிப்ரவரி 28 என்று தேதியிட்டார். கஸின்ஸின் மனைவி மார்கரெட் மெட்டைக் குறித்துக்கொண்டார். எழுதி ஏழு ஆண்டுகள் கடந்த பாட்டை மற்றொரு மொழியின் வழியாகத் திரும்பப் படித்த இடம் மதனப்பள்ளி. திரும்பப் படிப்பது தாகூருக்கு எளிதான காரியமாக என்றும் இருந்ததில்லை. சோக்கேர் பாலி என்ற நாவலை 1903இல் புத்தகமாக்கியவர், முதுமையில் எழுதிய ஒரு கடிதத்தில் அதன் முடிவைக் குறித்து வருந்தினார். 1924இல் அர்ஜெண்டினாவில் நோயுற்றுத் தங்கியிருந்தபோது, பூரவி கவிதைகளின் பிரதியில் தாம் அடித்த சொற்களைக் கோட்டால் கோடு இணைத்துப் பறவையாகவும் பெயரில்லாத மிருகமாகவும் வளரவிட்டார். அடித்தவற்றை அநாதையாக விட அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்த சித்திரங்கள் 1930இல் பாரிஸ் நகரத்தில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. நம்முடைய ஏட்டில் பறவையின் கால் மட்டும் இருந்தது. அவருடைய காகிதத்தில் பறவை முழுதும் வந்து அமர்ந்தது.

கடைசியாகச் சித்தூருக்குப் போனேன். அத்தைக்கு எண்பது கடந்துவிட்டது. கண் மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. வீட்டில் தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் புழங்கும். பையில் என்ன கனம் என்று கேட்டாள். சொன்னேன். "படிச்சுக் காட்டேன்டா, சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்" என்றாள். ராச்சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் விளக்கடியில் உட்கார்ந்து பத்தாம் அத்தியாயத்தைப் படித்தேன். நான் பெருமையாக எண்ணியிருந்த வர்ணனைகளுக்கு அவள் அசையவில்லை. ஓரிடத்தில் கொட்டாவிகூட விட்டாள். நான் அடித்துவிடலாம் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த ஒரு பக்கம் வந்தது. கணவன் வீட்டிலிருந்து குழந்தையோடு நடந்தே பிறந்தகம் வந்து சேர்ந்த பெண், திண்ணையில் உட்காருகிறாள், தாய் ஒன்றும் கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொள்கிறாள், அவ்வளவே. அத்தை புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு இருந்தாள். அடுத்த பகுதியைத் தொடங்கினேன். "இரு, இரு" என்று நிறுத்தினாள்.

"அவ்வளவு தூரம் நடந்து வந்தாளே, அந்தப் பொண்ணுக்கு ஒரு வாய் சோறு போட்டாங்களா இல்லையா? அதை எழுதலையே நீ?"

கோட்டை ரப்பரால் அழித்தேன். தாய் குழந்தையை வாங்கிக்கொள்ளும் வரிக்குக் கீழே, பேனாவால் மூன்று கோடுகளில் ஒரு புள்ளடி இட்டு, ஓரத்தில் இரண்டு வாக்கியம் எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினேன்: பழைய சோறு, மோர், பக்கத்தில் ஓர் ஊறுகாய்த் துண்டு.

"சரி, மேலே படி" என்றாள்.